பழைய ரெக்கவரி வண்டியை வைத்துக்கொள்வதா, மைலேஜுக்காகப் புதியது வாங்குவதா: முடிவெடுக்கும் முழு வழிமுறை

ரெக்கவரி வண்டி, அதாவது பழுதாகியோ விபத்திலோ நின்ற கார்களைத் தூக்கிவரும் வண்டி, வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் டீசல் செலவு கூடியதும் நேராகப் புது வண்டியின் விலையை விசாரிக்கப் போகிறார்கள். வரிசை அங்கேயே தவறிவிடுகிறது. பழைய வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது, எங்கே குடிக்கிறது, அதில் எவ்வளவு பழுதால் குடிக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் புது வண்டியின் மைலேஜைப் பார்த்தால் எந்த வண்டியும் லாபமாகத்தான் தெரியும்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்கு வேண்டும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வண்டிக்குள்ளேயே வைக்க ஒரு நோட்டு. கடந்த ஒரு வருடத்து டீசல் ரசீதுகளும் பட்டறை ரசீதுகளும். காற்றழுத்தமானி. தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி. ஆள், சங்கிலி, ஜாக்கி என்று தினமும் ஏற்றிப்போகும் எல்லாவற்றோடும் வண்டியை எடை மேடையில் ஏற்றி எடுத்த எடைச் சீட்டு. கடைசியாக, இரண்டு மூன்று மாதப் பொறுமை. ஒரு வாரக் கணக்கை நம்பி வண்டி மாற்றக்கூடாது.

1. வண்டி வைத்துக்கொள்ளத் தகுந்ததா என்று முதலில் பாருங்கள்

மைலேஜ் கணக்குக்கு முன்னால் இது. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) விரிசலோ, துரு தின்று மெலிந்த இடமோ இருந்தால், லிட்டர் கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த வண்டியில் இன்னொருவர் காரை ஏற்றக்கூடாது. காரை ஏற்றும் மேல்தளத்தைத் தாங்கும் துணைச் சட்டம் சேஸிஸோடு சேரும் இடங்களையும், பின் ஸ்பிரிங் தாங்கிகளையும், காரின் சக்கரத்தைத் தூக்கும் வீல் லிஃப்ட் பொருத்திய இடத்தையும் அழுக்கைக் கழுவிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்டில் மெல்லிய கோடாகத் துருக்கசிவு தெரிந்தால் அதன் அடியில் விரிசல் இருக்கலாம்.

காரை இழுத்து ஏற்றும் வின்ச்சின் கம்பி வடத்தில் அறுந்த இழைகள், நசுங்கிய இடம், முறுக்கு விழுந்த இடம் இருந்தால் வடத்தை மாற்றுங்கள். இது சின்ன வேலை. ஹைட்ராலிக் சிலிண்டர் கசிவும் சரிசெய்யக் கூடியதே. சேஸிஸ் மட்டும் அப்படியல்ல. அதை நல்ல வெல்டர் ஒருவரிடம் காட்டி, ‘ஒட்டினால் போதும்’ என்கிறாரா, ‘ஒட்டாதே’ என்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். சாகப்போகிற வண்டிக்கு மூன்று மாதம் மைலேஜ் பார்ப்பது வீண்.

2. ஓடோமீட்டர் உண்மை சொல்கிறதா என்று சோதியுங்கள்

பழைய வண்டிகளில் டயர் அளவு எப்போதோ மாறியிருக்கும். விட்டம் பெரிய டயர் என்றால் வண்டி ஓடியதைவிடக் குறைவாக ஓடோமீட்டர் காட்டும். அப்போது மைலேஜ் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். தேய்ந்த டயர் இதற்கு நேர்மாறு.

நேரான நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டராவது ஓட்டி, ஜி.பி.எஸ் காட்டும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஓடோமீட்டர் 50 காட்டும்போது ஜி.பி.எஸ் 52 காட்டினால், இனி எழுதும் ஒவ்வொரு தூரத்தையும் 1.04-ஆல் பெருக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். 4% பிழை சின்னதாகத் தெரிந்தாலும், கடைசிக் கணக்கில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டராக வந்து நிற்கும்.

3. டேங்க் நிரப்பி அளந்து, மூன்று வகையாகப் பிரியுங்கள்

ஒரே பம்ப், வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்பது, முதல் ‘கிளிக்’ சத்தத்தோடு நிறுத்துவது. இந்த மூன்றையும் மாற்றாதீர்கள். தரை சற்றே சாய்ந்திருந்தாலும் டேங்கில் பிடிக்கும் அளவு மாறும். டீசல் நுரைக்கும் என்பதால், இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்க்கலாம் என்று அழுத்திக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வரும்.

கூட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு நிரப்பலுக்கும் வந்த மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். அது தவறு. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த தூரம் ஓடிய நிரப்பலும் நீண்ட தூரம் ஓடிய நிரப்பலும் ஒரே மதிப்புப் பெற்றுவிடும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ரெக்கவரி வண்டிக்கு ஒரே ஒரு மைலேஜ் கிடையாது. காலியாகப் போவது, ஏற்றிக்கொண்டு வருவது, நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது என்று மூன்று இருக்கிறது. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. விபத்து நடந்த இடத்தில் போலீஸ் வரும்வரை விளக்குகள் சுழன்றுகொண்டிருக்க இன்ஜின் ஓடும். வின்ச் இழுக்கும்போதும், தளம் இறக்கி ஏற்றும்போதும் பி.டி.ஓ (இன்ஜின் சக்தியை இந்தக் கருவிகளுக்கு எடுத்துத் தரும் இணைப்பு) வழியாக ஓடும். நடுத்தர, கனரக டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை குடிக்கும். பி.டி.ஓ போட்டு வேகம் கூட்டினால் இன்னும் அதிகம். இதில் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. அதனால் மொத்த மைலேஜ் விழும், பழி ஓட்டத்தின் மேல் வரும்.

அளக்கும் முறை எளிது. டேங்கை நிரப்பிவிட்டு வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு மறுபடி நிரப்புங்கள். ஊற்றியதை இரண்டால் வகுத்தால் நிற்கும் செலவு வரும். நீண்ட காலி ஓட்டம் ஒன்று வரும்போது அதற்கு முன்னும் பின்னும் நிரப்புங்கள். ஏற்றிய ஓட்டத்துக்கும் அப்படியே. இதைச் சிலமுறை திரும்பச் செய்தால் எண்கள் ஒரு இடத்தில் நிலைகொள்ளும்.

நோட்டில் ஒவ்வொரு அழைப்புக்கும் காலிக் கிலோமீட்டர், லோடுக் கிலோமீட்டர், நின்ற நிமிடம், என்ன வேலை என்று நான்கு பத்தி போதும். நான்காவதை விட்டுவிடாதீர்கள். 8-ஆம் படியில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

4. மைலேஜை மறந்து, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றுங்கள்

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் கண்ணை ஏமாற்றும். 3-இலிருந்து 4-க்கு உயர்ந்தாலும் 6-இலிருந்து 7-க்கு உயர்ந்தாலும் ‘ஒரு கிலோமீட்டர் கூடியது’ என்றுதான் சொல்வோம். ஆனால் முதலாவதில் 100 கிலோமீட்டருக்கு 33.3 லிட்டர் 25 ஆகிறது, 8.3 லிட்டர் மிச்சம். இரண்டாவதில் 16.7 லிட்டர் 14.3 ஆகிறது, மிச்சம் 2.4 லிட்டர்தான். ஏற்கெனவே நன்றாக ஓடும் வண்டியை மாற்றுவதில் ஏன் எதிர்பார்த்த பணம் மிஞ்சவில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

100-ஐ உங்கள் மைலேஜால் வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும். இனி எல்லாக் கணக்கும் லிட்டரிலேயே.

5. பழைய வண்டியைக் குணப்படுத்திவிட்டு மறுபடி அளக்கவும்

பழுதான பழைய வண்டியையும் பழுதில்லாத புது வண்டியையும் ஒப்பிடுவது நியாயமான போட்டி அல்ல. புது வண்டி தரும் என்று நினைக்கும் மிச்சத்தில் ஒரு பகுதி பெரும்பாலும் இந்தப் படியிலேயே கிடைத்துவிடும். மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒன்றிரண்டு நிரப்பல் அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பட்டறையில் கொட்டினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

டயர் காற்று: பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்பக்க டயரின் வால்வு எட்டாது என்பதால் பலரும் வெளிப்பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். உள்டயர் தளர்ந்திருந்தால் உருளும் தடை கூடும், பாரம் முழுக்க வெளிடயர் மேல் விழுந்து அதுவும் சீக்கிரம் போகும். நீட்டிப்பு வால்வு ஒன்று போட்டுக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்: அதிகம் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு பக்கமும் சக்கரக் குடத்தின் சூட்டை வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகச் சுட்டால் அங்கே பிரேக் விடவில்லை, அல்லது பேரிங் போகிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். வீல் அலைன்மென்ட்டையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

காற்றும் புகையும்: கறும்புகை வந்தால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை அல்லது எரிபொருள் மிகுதி. ஃபில்டர் அடைப்பையும், காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்களில் கசிவையும் முதலில் பாருங்கள். ஏற்றத்தில் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு இழுவை குறைந்தால் குழாயில்தான் கோளாறு. இவை சரியாக இருந்தும் புகை நின்றபாடில்லை என்றால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைச் சோதனைக்கு அனுப்புங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அது வேறு கதை, செலவும் வேறு.

தெர்மோஸ்டாட்: இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே ஏறாது. குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும். வண்டி கொதிக்கவில்லை என்பதால் யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. ரேடியேட்டர் விசிறியின் கிளட்ச் பிடித்தபடியே நின்று விசிறி எந்நேரமும் இரைந்தாலும் இன்ஜினின் சக்தி அதிலேயே போகும்.

பி.டி.ஓ: வேலை முடிந்ததும் விலக்காமல் ஓட்டிப்போவது புதிய ஓட்டுநர்களின் வழக்கமான தவறு. டீசலும் வீண், பம்பும் போகும். பி.டி.ஓ போட்டிருப்பதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் அதை இன்றே சரிசெய்யுங்கள்.

எடை: எடைச் சீட்டையும் வண்டியின் பதிவில் உள்ள காலி எடையையும் ஒப்பிட்டால் ஆச்சரியமாக இருக்கும். பயன்படாத சங்கிலி, பழைய பேட்டரி, உடைந்த ஜாக்கி எல்லாம் வருடக்கணக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். இறக்கிவிடுங்கள்.

வேகம்: காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இல் போவதைவிட 100-இல் போகும்போது காற்றுத் தடை ஏறக்குறைய 56% அதிகம். தளத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் கார் இருக்கும்போது இது இன்னும் வலிக்கும். காலி திரும்பும்போதுதான் ஓட்டுநர்கள் விரட்டுகிறார்கள். அந்த ஓட்டத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்பதை உட்கார்ந்து பேசுங்கள்.

6. புது வண்டியின் உண்மையான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

விளம்பர மைலேஜை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் தளமும் வின்ச்சும் ஏற்றாத வண்டியின் எண்ணாக இருக்கலாம். உங்கள் லோடோடு, உங்கள் வழித்தடத்தில், நிரப்பி அளக்கும் முறையில் ஒரு சோதனை ஓட்டம் கேளுங்கள். தராவிட்டால், அதே மாடலில் இதே தொழில் செய்பவரைத் தேடிப் பிடித்து அவரது டீசல் ரசீதுகளைப் பார்ப்பது அடுத்த சிறந்த வழி. சரக்கு ஏற்றுபவரின் மைலேஜ் உங்களுக்கு உதவாது. அவர் வண்டி உங்கள் வண்டியைப் போல நின்ற இடத்தில் ஓடுவதில்லை.

புகை கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தனியாக விசாரியுங்கள். புதிய டீசல் வண்டிகளில் டி.பி.எஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி இருக்கும். அது சூடேறினால்தான் சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். குறைந்த தூரம், நிறைய நிற்பது என்ற நம் தொழிலின் ஓட்டம் அதற்கு ஒத்துவராது. அடைத்துக்கொண்டால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தன்னைச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் எரிக்கும், கடைசியில் பட்டறைக்குப் போகும். உங்கள் நோட்டில் நின்ற நேரம் அதிகம் என்றால் விற்பவரிடம் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும். நின்ற நிலையிலேயே சுத்தம் செய்யும் வசதி உண்டா என்று கேளுங்கள். ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலும் பல வண்டிகளுக்கு வேண்டும். டீசலில் சுமார் 5% வரை அது செலவாகும் என்று கணக்கில் வையுங்கள்.

டிஃபரென்ஷியல் விகிதத்தையும் (பின் அச்சில் உள்ள பல்சக்கர விகிதம்) பாருங்கள். நெடுஞ்சாலையில் மிச்சம் பிடிக்கும் விகிதம் ஏற்றத்தில் கனத்த லோடோடு திணறும். பிறகு தூக்கும் திறன். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. புதிய வண்டி சொகுசும் கருவிகளும் கூடி எடை ஏறியிருந்தால், பழையது தூக்கிய காரை இது சட்டப்படி தூக்க முடியாமல் போகலாம். வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய மேல்தளத்தைக் கழற்றிப் புது சேஸிஸில் ஏற்றலாம் என்றால் செலவு நன்றாகக் குறையும். கேபினின் பின்சுவரிலிருந்து பின் அச்சு மையம் வரை உள்ள நீளம் ஒத்துவர வேண்டும், புது கியர்பாக்ஸில் பி.டி.ஓ பொருத்த இடம் இருக்க வேண்டும். இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. எல்லாவற்றையும் லிட்டராக மாற்றிக் கணக்குப் போடுங்கள்

பணத்தில் போடாமல் லிட்டரில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எரிபொருள் விலை ஏறி இறங்கும்போது பணக்கணக்கு முழுதும் கலைந்துவிடும். ஒவ்வொரு செலவையும் இன்றைய ஒரு லிட்டர் விலையால் வகுத்தால், எல்லாம் ஒரே அளவுக்கு வந்துவிடும்.

கணக்கின் போக்கைக் காட்ட ஓர் உதாரணம். எண்கள் கற்பனை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். குணப்படுத்திய பழைய வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர், புதியது 5.5. வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர், நின்று ஓடுவது 500 மணி. பழையது நிற்கும்போது மணிக்கு 3 லிட்டர், புதியது 2.

ஓட்டத்தில் 7,500 லிட்டர் 5,455 ஆகிறது, மிச்சம் 2,045. நிற்பதில் மிச்சம் 500. ஆக 2,545. ஆட்ப்ளூ டீசலின் பாதி விலை என்று வைத்தால் சுமார் 160 லிட்டருக்குச் சமமான செலவு. மிஞ்சுவது 2,385 லிட்டர் அளவு. புது வண்டிக்கு வட்டியும் கூடுதல் இன்சூரன்ஸும் வருடத்துக்கு 1,500 லிட்டருக்குச் சமம், பழுதுச் செலவில் மிச்சம் 800 என்றால், வருட நிகர மிச்சம் 1,685 லிட்டர்.

இப்போது முதலீடு. புது வண்டி, தளம் பொருத்தும் கூலி, பதிவுச் செலவு எல்லாம் கூட்டி, பழையதை விற்று வரும் தொகையைக் கழித்தால் 20,000 லிட்டர் என்று வைப்போம். 8 வருடம் கழித்து இந்த வண்டி, அப்போது பழையது பெறுவதைவிட 6,000 லிட்டர் கூடுதலாக விலைபோகும் என்றால், உண்மையில் கரைவது 14,000. எட்டு வருட மிச்சம் 13,480. அதாவது அலைந்ததெல்லாம் போக, கையில் எதுவும் மிஞ்சவில்லை.

அதே கணக்கில் ஓட்டத்தை மட்டும் 60,000 ஆக்குங்கள். வருட மிச்சம் ஏறக்குறைய 3,590 லிட்டராகி, எட்டு வருடத்தில் கரையும் 14,000-ஐப் போல இரு மடங்கு வந்துவிடும். 15,000 ஆகக் குறைத்தால் வருடத்துக்கு 730 லிட்டர்தான், பாதிகூடத் தேறாது. வண்டி எவ்வளவு மோசமாகக் குடிக்கிறது என்பதைவிட எவ்வளவு ஓடுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. குறைவாக ஓடும் வண்டிக்கு மைலேஜ் ஒரு காரணமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் படியில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, மாதத் தவணையையும் மாத டீசல் மிச்சத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. தவணை முடிந்த பின்னும் வண்டி ஓடும், வட்டியும் தேய்மானமும் அந்த ஒப்பீட்டில் தெரியாது. மற்றொன்று, பழைய வண்டிக்கு ஏற்கெனவே செலவழித்ததைக் கூட்டுவது. போனது போனதுதான். இனி ஆகப்போகும் செலவு மட்டுமே கணக்கில் வரும்.

படுத்துக்கொள்ளும் நாட்களையும் சேருங்கள். வண்டி பட்டறையில் நின்ற ஒவ்வொரு நாளும் இழந்த நிகர வருமானத்தை லிட்டராக மாற்றிப் பழைய வண்டியின் செலவில் எழுதுங்கள். புது வண்டியும் படுக்கும். சென்சார் ஒன்று போனால் கணினி வைத்திருக்கும் பட்டறைக்காகவும் உதிரிபாகத்துக்காகவும் காத்திருக்க வேண்டிவரும். அதற்கும் சில நாட்கள் போடுங்கள்.

8. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழிகளைப் பாருங்கள்

நோட்டின் நான்காவது பத்தியை இப்போது எடுங்கள். பேட்டரி இறங்கியது, டயர் பஞ்சர், டீசல் தீர்ந்தது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டது போன்ற அழைப்புகள் எத்தனை? இவற்றில் எதையும் தூக்கிவர வேண்டியதில்லை. கனத்த ரெக்கவரி வண்டி அங்கே போய்த் திரும்புவது முழுக்கக் காலி ஓட்டம். இவற்றுக்குச் சின்ன வேன் ஒன்று, பயன்படுத்தியதே போதும், வைத்துக்கொண்டால் பெரிய வண்டியின் ஓட்டம் குறையும். அதன் டீசல் செலவு குறையும், ஆயுளும் நீளும். பலருடைய நோட்டைப் பார்த்தபின் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சில வருடம் ஓடிய, ஆனால் உங்களுடையதைவிடப் புதிய வண்டி இன்னொரு வழி. தேய்மானத்தின் கனமான பகுதியை முதல் உரிமையாளர் சுமந்துவிட்டிருப்பார். 1-ஆம் படியின் சோதனையை அதற்கும் அப்படியே செய்யுங்கள்.

9. பெரிய பழுதுக்கு முன்னால் முடிவெடுங்கள்

இன்ஜின் திறப்பதற்கோ கியர்பாக்ஸுக்கோ பெருஞ்செலவு வரப்போகிறது என்று மெக்கானிக் சொன்னால், கணக்கை அந்த வாரமே புதுப்பியுங்கள். செலவு செய்துவிட்டு ஆறு மாதத்தில் விற்பவர்கள் அதிகம். போட்ட பணம் விற்பனை விலையில் அப்படியே திரும்பி வராது. செய்தால் வைத்துக்கொள்ளுங்கள், விற்பதென்றால் செய்யாமல் நிலையைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் நோட்டை மூடாதீர்கள். 100 கிலோமீட்டருக்கான லிட்டர் மெல்ல ஏறினால் ஏதோ ஒன்று பழுதாகத் தொடங்கியிருக்கிறது. எரிபொருள் விலை நன்றாக நகர்ந்தாலும் 7-ஆம் படியை மறுபடி போடுங்கள். விலை ஏறினால் லிட்டரில் கணக்கிட்ட முதலீடு சுருங்கும், போன வருடம் கட்டுப்படியாகாதது இந்த வருடம் கட்டுப்படியாகலாம்.

வாங்குவது என்று முடிவானால், பழையதை உடனே கைமாற்றாமல் புதியது நான்கைந்து முறை டேங்க் நிரப்பும்வரையாவது வைத்திருங்கள். தளம் பொருத்தியதில் உள்ள குறைகள் அந்த நாட்களில்தான் வெளிவரும், அதைச் சரிசெய்ய வண்டியை விட்டுவிட்டு வரும்போது வேலைக்கு ஒரு வண்டி வேண்டும். எல்லாம் சரி என்றால் பழையதன் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதிக்கு முன் விற்றுவிடுங்கள்.